துடக்கு வீட்டில் கிடைத்த ஓய்வு

முருகனைக் கும்பிடுகிற எல்லாருக்கும் என் வணக்கம். நான் மேடையில் ஏறிப் பேசிப் பழகியவன் இல்லை, மேடை கட்டிப் பழகியவன். அதனால் சொல்ல வேண்டியதை எழுதித் தருகிறேன். எழுதச் சொல்லி என் மனைவி கௌரி கன நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். அழுகை வரும் என்று தள்ளிப்போட்டேன். இப்போது எழுதும்போதும் வருகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது ரெய்னர்ஸ் லேனில். ஜெர்மனியில் பல வருடம் கோப்பை கழுவி, பிறகு சமையல் பழகி, பிள்ளைகள் இங்கிலீஷில் படிக்கட்டும் என்று 2001இல் லண்டனுக்கு வந்தோம். வந்த புதிதில் ஒரு சிநேகிதனுடைய மகளின் கல்யாணத்துக்கு றெஜிபோமில், அந்த வெள்ளைத் தெர்மோகோல் அட்டையில், மணவறை ஒன்று வெட்டிக் கொடுத்தேன். இரண்டு பக்கமும் இரண்டு மயில். சாப்பாட்டை விட மயிலைத்தான் சனம் அதிகம் பார்த்தது. "ஆர் செய்தது? ஆர் செய்தது?" என்று கேட்டார்கள். சிநேகிதன் என் பக்கம் கையைக் காட்டினான். அவ்வளவுதான், நான் தொழிலதிபர் ஆகிவிட்டேன்.

கல்யாணத்துக்கு மணவறை, சாமத்திய வீட்டுக்கு ஊஞ்சல், பிறந்தநாளுக்குப் பலூன் வளைவு. பிள்ளை பிறந்தாலும் நேசன் அண்ணை, வயதுக்கு வந்தாலும் நேசன் அண்ணை, தாலி கட்டினாலும் நேசன் அண்ணை. செத்த வீட்டுக்கு மட்டும்தான் என்னைத் தேடுவதில்லை என்று நானே பகிடி விடுவேன்.

சொந்தத் தொழில் என்றால் நாமே ராசா என்று வெளியில் நிற்பவர்கள் நினைப்பார்கள். முதலாளியும் நான், கூலியும் நான். வான் ஓட்டுவதும் நான், ஏணியில் ஏறி லைட் கட்டுவதும் நான். பெண்ணின் தாய் சிவப்புப் பூ என்பார், மாப்பிள்ளையின் தமக்கை ஊதாப் பூ என்பார், இரண்டு பேருக்கும் நடுவில் நின்று சிரிப்பதும் நான். மண்டபக்காரன் ஆணி அடிக்கக் கூடாது என்று இங்கிலீஷில் ஏசுவான், அதை வாங்குவதும் நான். இதற்குள் கோயில் திருவிழாவுக்குச் சோடனை, தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குச் செயலாளர். வீட்டில் மூன்று பிள்ளைகளுக்குத் தகப்பன், ஒருத்திக்குப் புருஷன். அந்த இரண்டு வேலைக்கும் வாரக் கடைசியில் ஆளே இருப்பதில்லை.

ஏலாது என்ற சொல் எனக்குத் தெரியும். ஆனால் வாயில் வராது. நம் சனத்தைத் தெரியும்தானே. ஒரு வீட்டுக்கு ஏலாது என்றால், அடுத்த கொண்டாட்டத்தில் கோப்பையோடு நிற்கும்போது, "நேசன் இப்ப பெரிய ஆள், எங்களையெல்லாம் கண்ணுக்குத் தெரியாது" என்பார்கள். அந்தப் பயத்தில் எல்லாருக்கும் ஓம் என்றேன். ஆடி மாதம் கல்யாணம் இல்லை, அந்த மாதமாவது படுக்கலாம் என்று பார்த்தால், இங்கே பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான் தொடங்கும். கனடாவில் இருந்தும் சுவிஸில் இருந்தும் சொந்தக்காரர் வந்து இறங்குவார்கள். சாமத்திய வீடுகளும் பிறந்தநாள்களும் வரிசையில் நிற்கும். ஆடியும் போய்விடும்.

2005 தொடக்கத்தில் உடம்பு சொல்லத் தொடங்கியது. நித்திரை இல்லை. வான் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்த மண்டபத்துக்குப் போகிறேன் என்பது மறந்துபோகும். வானை ஓரமாக நிறுத்திவிட்டுக் கௌரிக்குப் போன் எடுத்து, "நான் இப்ப எங்க போறன்?" என்று கேட்டிருக்கிறேன். முதல் தடவை அவள் சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. ஏணியில் ஏறினால் நெஞ்சுக்குள் இறுக்கிப் பிடிக்கும். இறங்கிக் கொஞ்சம் நின்றால் போய்விடும்.

அதைப் பெரியண்ணையிடம் மட்டும் சொன்னேன். பெரியண்ணை பாரிஸில், லாச்சப்பலில், பலசரக்குக் கடை வைத்திருந்தார். எங்கள் ஐயா நான் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே போய்விட்டார். என்னைப் படிப்பித்தது, வெளிநாட்டுக்கு எடுத்தது, எனக்குப் பெண் பார்த்தது எல்லாம் அண்ணைதான். இரண்டு பேரும் வேலைக்கு நடுவில்தான் போனில் கதைப்போம். நான் பூச்சாடிக்கு மேல் இருப்பேன், அவர் அரிசி மூட்டைக்கு மேல் இருப்பார்.

"அண்ணை, நெஞ்சுக்குள்ள பிடிச்ச மாதிரிக் கிடக்கு."

"அது வாய்வடா. நேரத்துக்குச் சாப்பிடாட்டி அப்பிடித்தான். எனக்கும் வாறது. ஓமத்தைக் கொதிக்க வைச்சுக் குடி. உள்ளியைப் பாலுக்குள்ள அவிச்சுக் குடி."

நானும் குடித்தேன். அடுத்த முறை அவருக்கு இஞ்சிச் சாறு சொல்லிக் கொடுத்தேன். லண்டனும் பாரிஸும் இப்படி மாறி மாறி வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தன. வைத்தியம் பார்க்க இரண்டு ஊரிலும் டாக்டர்மார் இருக்கிறார்கள் என்பது இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. டாக்டரிடம் போக ஒரு காலைப்பொழுது வேண்டும். அது எங்களிடம் இல்லை.

ஆனி மாதம் ஒரு சனிக்கிழமை. ஹாரோவில் ஒரு மண்டபம். காலையில் மணவறை கட்டி முடித்து, பூவெல்லாம் குத்தி, கடைசியாக மாப்பிள்ளை கதிரையின் துணியைச் சரி பண்ணினேன். குனிந்தவன் அப்படியே அந்தக் கதிரையில் இருந்துவிட்டேன். எழும்ப முடியவில்லை. நோவு ஒன்றும் இல்லை. எழும்பு என்று சொல்கிறேன், கால் கேட்கவில்லை. ஐயர் வந்துவிட்டார், மேளகாரர் வந்துவிட்டார்கள், நான் மாப்பிள்ளை கதிரையில் இருக்கிறேன்.

பெண்ணின் தகப்பன் பார்த்துவிட்டு, "என்ன நேசன் அண்ணை, ரெண்டாந்தரமோ?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கத் தொடங்கிய எனக்குக் கண்ணீர் வந்தது, பிறகு நிற்கவில்லை. ஆனந்தக் கண்ணீர் என்று நினைத்து அவர் என் முதுகில் தட்டினார். ஐயர்தான் என் முகத்தைப் பார்த்துக் கையைப் பிடித்து எழுப்பினார். அன்றைக்கு வானுக்குள் இருந்து நினைத்தேன், இப்படியே செத்துப்போனால் நல்லது, நாளைக்கு வேலை இருக்காது என்று. மூன்று பிள்ளைகளின் தகப்பன் அப்படி நினைத்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனேன். சோடனைக்கு இல்லை, கும்பிடப் போனேன். வேலைக்காரனாகப் போய்ப் போய், கும்பிடுகிறவனாகப் போய்க் கன காலம். தீபாராதனை நேரம் கையைக் கூப்பிக்கொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "முருகா, எனக்குக் கொஞ்ச நாள் ஓய்வு தா. என்னால நிப்பாட்ட ஏலாது. நீ நிப்பாட்டு. எப்பிடியெண்டாலும் நிப்பாட்டு."

இந்த 'எப்படியென்றாலும்' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் அதை வைத்துக்கொண்டுதான் பிறகு எரிந்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை பாரிஸில் இருந்து அண்ணி போன் எடுத்தா. அண்ணி காலையில் எடுப்பதில்லை. கடை திறக்கிற நேரம். "தம்பி, அண்ணை போட்டார்" என்றா. எங்கே போனார் என்று நான் கேட்டேன். உண்மையாகவே விளங்கவில்லை. கடை ஷட்டரைத் தூக்கிவிட்டு, மரக்கறிப் பெட்டியை வெளியில் வைத்தவர், அந்தப் பெட்டியோடு சேர்ந்து விழுந்துவிட்டாராம். அம்புலன்ஸ் வரும்போது உயிர் இல்லை.

நானும் கௌரியும் வாட்டர்லூவில் ரெயில் ஏறினோம். மூன்று மணித்தியாலத்துக்குள் பாரிஸ். இவ்வளவு கிட்டத்தில் இருந்த அண்ணையை நான் இரண்டு வருடமாகக் காணவில்லை. அவராலும் கடையை விட்டுவர முடியவில்லை, என்னாலும் மண்டபத்தை விட்டுப்போக முடியவில்லை. பெட்டிக்குள்தான் பார்த்தேன். தலைமயிர் முழுக்க வெள்ளை. போனில் குரல் நரைப்பதில்லையே, எனக்குத் தெரியவில்லை.

தகனத்துக்கு முன்னம், பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது என் போன் அடித்தது. அந்தச் சனிக்கிழமைக் கல்யாண வீட்டார். செய்தி அதற்குள் லண்டன் முழுக்கப் போய்விட்டது. "அண்ணை, கேள்விப்பட்டு எங்களுக்குச் சரியான கவலை. உங்களுக்குத் துடக்கு எல்லே, மணவறையில கை வைக்கக் கூடாது. நாங்கள் வேற ஆளைப் பிடிச்சிட்டம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கூடப்பிறந்தவர் செத்தால் எங்களுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு. அந்த நாட்களில் நல்ல காரியத்துக்குப் போகக் கூடாது, மங்கலப் பொருளைத் தொடக் கூடாது, கோயிலுக்குள் கால் வைக்கக் கூடாது. மற்றத் தொழில்காரர் மூன்றாம் நாளே கடைக்குப் போய்விடலாம். மணவறைக்காரன் போக முடியாது. ஒருத்தருக்கும் நான் ஏலாது என்று சொல்லத் தேவை இருக்கவில்லை. ஒவ்வொருத்தராக அவர்களே எடுத்து, அவர்களே விலகினார்கள்.

அந்த முதல் போனை வைத்த நொடியில் என் உடம்பு லேசானது. சனிக்கிழமை வேலை இல்லை. அதற்கு அடுத்த சனிக்கிழமையும் இல்லை. தோளில் இருந்து ஒரு மூட்டையை ஆரோ இறக்கினமாதிரி இருந்தது. அண்ணையின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எனக்கு அப்படி இருந்தது. அதற்குப் பிறகுதான் வெள்ளிக்கிழமை கேட்டது ஞாபகம் வந்தது. நீ நிப்பாட்டு. எப்பிடியெண்டாலும் நிப்பாட்டு.

நான் கத்தினேனாம். அண்ணனுக்காக அழுகிறான் என்று சனம் பிடித்துக்கொண்டது.

லண்டனுக்குத் திரும்பி வந்து வீட்டில் இருந்தேன். நான் கேட்ட ஓய்வு அதுதான். சாமி அறைக்குத் திரை போட்டாயிற்று, விளக்கு இல்லை. இன்னொரு காலத்தில் என்றால் கோயிலுக்கு ஓடிப்போய், "முருகா, நான் இதையோ கேட்டனான்?" என்று கேட்டிருப்பேன். துடக்குக்காரன் எப்படிப் போவது? கோபிக்கவும் போக முடியாது, மன்னிப்புக் கேட்கவும் போக முடியாது. அண்ணையைக் கொன்றது நான் என்று மனம் சொல்லிக்கொண்டே இருந்தது. கௌரியிடமும் சொல்லவில்லை. அவள் சோற்றைக் கொண்டுவந்து வைப்பாள், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். நெஞ்சுப் பிடிப்பு மட்டும் ஓய்வு எடுக்கவில்லை. ஏணி இல்லாமலே வந்தது.

ஒருநாள் பின்னேரம் அண்ணி போன் எடுத்தா. துக்கத்தில் இருப்பவர்கள் ஒரே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்வார்கள் அல்லவா, அண்ணியும் அந்தக் கடைசிக் காலைப்பொழுதைச் சொல்லிக்கொண்டிருந்தா. நான் குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"விடியவே நெஞ்சைத் தடவிக்கொண்டு இருந்தவர், தம்பி. இண்டைக்குக் கடையைத் திறக்காதேங்கோ எண்டனான். இது வாய்வப்பா எண்டிட்டு, ஓமத்தண்ணியைக் குடிச்சிட்டுப் போனவர். கோப்பையைக் கூடக் கழுவேல்லை. அது அப்பிடியே கிடக்கு. நான் இன்னும் எடுக்கேல்லை."

என் கையில் கோப்பை இருந்தது. ஓமத்தண்ணி. அப்போதுதான் கொதிக்க வைத்து ஊற்றியிருந்தேன், ஆவி போய்க்கொண்டிருந்தது. அண்ணி பேசிக்கொண்டே இருந்தா, எனக்குக் கேட்கவில்லை. அண்ணை எனக்குச் சொல்லித் தந்த மருந்து. அவர் குடித்துவிட்டுச் செத்துப்போன மருந்து.

"கௌரி, இது வாய்வு இல்லை" என்றேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு, கதை கேட்காமல் காரின் திறப்பை எடுத்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் பெண் ஒருத்தி. குடும்பத்தில் யாருக்காவது இதய வருத்தம் இருக்கிறதா என்று கேட்டாள். எப்போதும் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். இந்த முறை, என் அண்ணன் இந்த மாதம் செத்துப்போனார் என்றேன். அவள் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு விடவில்லை. சோதித்துப் பார்த்ததில் இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்துப் போயிருந்தது. கம்பி விட்டு அதைத் திறந்து ஸ்டென்ட் வைத்தார்கள். கடைசியாக எப்போது லீவு எடுத்தாய் என்று அந்த டாக்டர் கேட்டாள். யோசித்தேன். "இப்போது எடுத்திருக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அழுதேன். அந்த ஆனி ஆடியில் நான் ஏணியில் ஏறியிருந்தால், எந்த மண்டபத்தில், எந்த மயிலுக்குப் பக்கத்தில் விழுந்திருப்பேனோ தெரியாது.

நான் பிழைத்தது முருகன் செயல் என்று கௌரி சொன்னாள். எனக்கு அது இன்னும் பாரமாகப் போனது. அண்ணையைக் கொடுத்து என்னை வாங்கினாரா முருகன்? அப்படி ஒரு கணக்கு அவரிடம் இருக்குமென்றால் எனக்கு அவர் வேண்டாம் என்று நினைத்தேன். மறைக்காமல் எழுதுகிறேன், அப்படித்தான் நினைத்தேன்.

முப்பத்தோராம் நாள், துடக்குக் கழிக்கிற அந்தியேட்டிக்குப் பாரிஸுக்குப் போனோம். கிரியை முடிந்து, படையல் முடிந்து, சனம் போன பிறகு அண்ணி குசினியில் தனியே இருந்தா. அந்தக் கோப்பையைக் கழுவி வைத்துவிட்டிருந்தா. நான் பக்கத்தில் போய் நிலத்தில் இருந்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கோயிலில் நான் கேட்டதை, கேட்ட சொல்லை, பெட்டிக்குப் பக்கத்தில் என் உடம்பு லேசானதை. அண்ணி என்னை ஏசுவா, அடிப்பா, வெளியே போ என்பா என்று நினைத்தேன். ஏசினால் நல்லாயிருக்கும் என்றும் நினைத்தேன்.

அண்ணி எழும்பி அந்தக் கோப்பையை எடுத்து அலுமாரிக்குள் வைத்தா. பிறகு சொன்னா, கோபத்தோடுதான் சொன்னா, ஆனால் கோபம் என்மேல் இல்லை.

"உங்கட அண்ணையும் அதைத்தான் கேட்டவர், தம்பி. ஒவ்வொரு வெள்ளியும் கடைக்குள்ள படத்துக்கு விளக்கு வைக்கேக்க, முருகா ஒரு கிழமை படுக்கவேணும் எண்டு கேப்பார். நான் பக்கத்திலதானே நிண்டனான். எத்தினை வருசம். ரெண்டுதரம் காய்ச்சல் வந்தது, படுக்கேல்லை. ஒருக்கா றோட்டுத் திருத்தினவங்கள், கடை வாசல் முழுக்கக் கிடங்கு, ஒரு சனம் வரேல்லை. அண்டைக்கும் திறந்துவைச்சுக்கொண்டு இருந்தவர். பெடியன் கடையைப் பாக்கிறன், போங்கோ அப்பா எண்டவன். முருகன் குடுக்காமலோ விட்டவர்? இந்த மனுசன் வாங்கேல்லை."

இதைச் சொல்லிவிட்டு அண்ணி அழுதா. அவர் செத்த நாளில் இருந்து நான் அண்ணி அப்படி அழுது காணவில்லை. நானும் அழுதேன். அன்றைக்குத்தான் அண்ணைக்காக மட்டும் அழுதேன். அதுவரை எனக்காகவும் சேர்த்து அழுதிருக்கிறேன் என்று அப்போது விளங்கியது.

முருகன் என் அண்ணையை எடுத்து எனக்கு ஓய்வு தந்தார் என்று ஒருநாளும் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதேங்கோ. அண்ணையின் சாவு அண்ணையின் உழைப்பில் வந்தது. நான் சொல்வது இவ்வளவுதான். நான் கேட்ட நேரத்தில் முருகன் கேட்டுக்கொண்டிருந்தார். என்னால் நிற்பாட்ட முடியாததை நிற்பாட்டினார். அண்ணி வாயால் உண்மையைச் சொல்லி, என் கையில் இருந்த கோப்பையைக் கீழே வைக்கப் பண்ணினார். கோயிலுக்குள் போக முடியாத நாட்களில், சாமி அறைக்குத் திரை போட்டிருந்த நாட்களில், அவர் குசினிக்குள் வந்து நின்றிருக்கிறார். துடக்கு எனக்குத்தான், அவருக்கு இல்லை.

நான் தொழிலை விடவில்லை. மணவறை இன்னும் கட்டுகிறேன், மயில் இன்னும் வெட்டுகிறேன். ஆனால் கிழமைக்கு ஒரு வீடுதான். லைட் கட்டவும் வான் ஓட்டவும் ஆட்கள் வைத்திருக்கிறேன். தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு வேறு செயலாளர் வந்துவிட்டார், பள்ளிக்கூடம் இடிந்து விழவில்லை. ஏலாது என்று சொல்லப் பழகிவிட்டேன். முதல் தடவை போனில்தான் சொன்னேன். மற்றப் பக்கத்தில் இருந்தவர், "அப்ப சரி அண்ணை" என்று வைத்துவிட்டார். இவ்வளவுதானா என்று போனைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். நேசன் பெரிய ஆளாகிவிட்டான் என்று சிலர் சொல்கிறார்களாம். சொல்லட்டும். உயிரோடு இருந்து கேட்கிறேன்.

உங்களில் கடை வைத்திருப்பவர்கள், பெட்ரோல் செட் எடுத்து நடத்துபவர்கள், சமையல் ஓடர் எடுக்கிற அக்காமார் எல்லாரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். நெஞ்சு நொந்தால் வாய்வு என்று நீங்களே முடிவு செய்யாதேங்கோ. மனம் களைத்தால் அதை வெட்கம் என்று மறைக்காதேங்கோ. முருகனிடம் கேளுங்கோ, அவர் தருவார். காய்ச்சலாகத் தருவார், மழையாகத் தருவார், போங்கோ அப்பா என்கிற பிள்ளையின் வாயால் தருவார். சின்னதாகத் தரும்போதே வாங்கிக்கொள்ளுங்கோ.

ஆடி மாதம் முழுக்க நான் வேலை எடுப்பதில்லை. அண்ணையின் திவசம் ஆனிக் கடைசியில் வரும். நாங்கள் எல்லாரும் பாரிஸுக்குப் போய்விடுவோம். கடையை இப்போது அண்ணையின் மகன் பார்க்கிறான். திவசத்தன்று காலையில் அவன் ஷட்டரைத் திறக்கமாட்டான். முதல் வருடம், "சித்தப்பா, நீங்கள் வந்து பூட்டுங்கோ" என்று திவசத்துக்கு முதல்நாள் பின்னேரம் கடைத் திறப்பை என்னிடம் தந்தான். அப்போதிருந்து ஒவ்வொரு வருடமும் நான்தான் பூட்டுகிறேன். ஷட்டரை இழுத்துவிட்டுப் பூட்டைப் போடும்போது, "அண்ணை, பூட்டியாச்சு, படுங்கோ" என்று சொல்லுவேன்.